வீடியோ பார்த்துப் பூல் (pool) ஆட்டம் முன்னேறுமா?

ஜூன் 9, 2024, ஞாயிறு

முன்னேறாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு பார்லரில் ஒன்றரை வருடமாக எட்டுப் பந்து ஆட்டம் ஆடுகிறேன். க்யூ என்கிற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அது முட்டி மற்றப் பந்துகளைப் பாக்கெட்டில் தள்ளுகிற ஆட்டம். கணபதிப் பக்கம் லேத் பட்டறையில் வேலை. ஆறரைக்கு மிஷினை நிறுத்திக் கை கழுவிக்கொண்டு கிளம்பினால் எட்டு, எட்டரை வரை டேபிள் கிடைக்கும். வாரம் இரண்டு நாள். மற்ற நாட்களில் சாப்பிட்டுப் படுக்கும் வரை போனில் பூல் பாடம்தான். குறி பார்ப்பது, நிற்கும் விதம், ஸ்பின், பிரேக், ஒரு குஷன் (டேபிளின் ரப்பர் ஓரம்), இரண்டு குஷன் என்று அறுபது வீடியோவாவது பார்த்திருப்பேன். யாராவது கேட்டால் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லவும் தெரியும். நேற்று வெள்ளை, பந்து, பாக்கெட் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கிற ஷாட்டை இருபது தடவை வைத்து அடித்துப் பார்த்தேன். பதினொன்றுதான் விழுந்தது.

பீளமேட்டில் காலேஜ் படிக்கிற தம்பி ஒருவன் அங்கே வருவான். ஒரு பாட வீடியோகூடப் பார்த்ததில்லை. ஐந்து ஆட்டம் ஆடினால் நான்கில் அவன்தான் ஜெயிக்கிறான்.

வீடியோக்காரர்கள் ஆடுவது ஒன்பதடி டேபிள், புதுத் துணி. கேமரா நேர் மேலே தொங்குகிறது. நமக்குக் கிடைப்பது எட்டடி டேபிள், தேய்ந்த துணி, குனிந்து பார்க்கிற கண். அவர்கள் காட்டுகிற கோணம் நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் பலனில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 10

கேரம் ஆடிப் பழகிய கைக்குப் பூல் தானாக வருமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி வரும். சின்ன வயதில் வாசல் திண்ணையில் கேரம் ஆடிய கண் எனக்கும் உண்டு. பந்தை ஓரத்தில் முட்டிச் சாய்வாக அனுப்புகிற கட் ஷாட்டில் அது உதவுகிறது. மீதிப் பாதியில் அதே பழக்கம் ஏமாற்றுகிறது.

கேரம் ஸ்டிரைக்கர் 15 கிராம் வரை இருக்கும். காய் 5 முதல் 5.5 கிராம். ஏறக்குறைய மூன்று மடங்கு. நடு நெஞ்சில் முட்டினாலும் ஸ்டிரைக்கர் நிற்காது, காயின் பின்னாலேயே போகும். பூலில் எல்லாப் பந்தும் ஒரே அளவு, 57 மில்லிமீட்டர். எடையும் 156 முதல் 170 கிராமுக்குள், ஒரே செட்டில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எடை சமமாக இருப்பதால் வெள்ளை சறுக்கிக்கொண்டே போய் நேருக்கு நேர் முட்டினால் தன் வேகம் முழுவதையும் அந்தப் பந்துக்குக் கொடுத்துவிட்டு முட்டிய இடத்திலேயே நின்றுவிடும். உருண்டுகொண்டு போய் முட்டினால் ஒரு கணம் நின்றதுபோல் தயங்கி, உருளல் மிச்சம் இருப்பதால் பிறகு முன்னே போகும்.

அதாவது வெள்ளை போகும்போது சறுக்குகிறதா, உருள்கிறதா என்பதுதான் பாதி ஆட்டம். கேரத்தில் இந்தக் கேள்வியே இல்லை, பவுடரில் எல்லாமே சறுக்கல். வெள்ளையின் நடுவில் அடித்தால் முதலில் சறுக்கி, துணியின் உரசலால் மெல்ல உருளத் தொடங்கும். முழுதாக உருளும்போது வேகம் தொடக்கத்தில் இருந்ததில் ஏழில் ஐந்து பங்கு. நடுவுக்கு 11 மில்லிமீட்டர் போல மேலே அடித்தால் சறுக்கலே இல்லாமல் எடுத்தவுடன் உருளும்.

எழுதி முடித்துப் பார்த்தால், இதையெல்லாம் எனக்குச் சொன்னது வீடியோதான். நேற்றுச் சொன்னதை முழுதாக வாபஸ் வாங்கவில்லை. கொஞ்சம் இளகியிருக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

கேமரா கோணத்தின் மேல் பழி போட்டிருந்தேன். அதைச் சோதிக்க ஒரு வேலை செய்தேன்.

எல்லா வீடியோவிலும் வருவது கோஸ்ட் பால். பந்து பாக்கெட்டுக்குப் போக, முட்டுகிற நேரத்தில் வெள்ளை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே ஒரு பந்து இருப்பதாக நினைத்துக்கொண்டு, அதன் நடுவைக் குறி பார்க்க வேண்டும். நான் அப்படிச் செய்வதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் பந்தின் மேல் முட்ட வேண்டிய புள்ளி எதுவோ, அதற்கே வெள்ளையின் நடுவை அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டும் உருண்டைகள் என்பதால் வெள்ளையின் ஓரம் முன்கூட்டியே தொட்டுவிடும். பந்து தடியாக, அதாவது வேண்டியதைவிட நடுவாக, அடிபட்டுப் பாக்கெட்டின் ஓரக் குஷனில் போய் இடிக்கும்.

கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெர்னியர் வைத்து அளந்து, சரியாக 57 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினேன். ஒரு முனையைப் பந்து உட்காரும் புள்ளியில் வைத்து, துண்டைப் பாக்கெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கமாக நீட்டினால், மறுமுனைதான் வெள்ளை வந்து உட்கார வேண்டிய புள்ளி. அதைப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு துண்டை எடுத்துவிட்டு அடிக்க வேண்டும். முதல் நாள் அந்தப் புள்ளி பந்திலிருந்து ரொம்பத் தள்ளி இருப்பதாகத் தோன்றியது. இவ்வளவு தள்ளியா குறி பார்ப்பது என்று கை நம்ப மறுத்தது. அடித்தால் விழுகிறது.

ஆக, கேமரா மேலே இருந்தது காரணம் இல்லை. பார்த்ததை அளந்து பார்க்காமல் விட்டதுதான்.

இன்னொன்றும் வேலை செய்கிறது. வெள்ளை உருண்டுபோய் எந்தக் கோணத்தில் முட்டினாலும், வந்த வழியிலிருந்து 30 டிகிரி விலகிப் போகும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நன்றாக விரித்துப் பிடித்தால் அந்த 30 டிகிரி கிடைக்கும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியடோரே இதை மிக விளக்கமாகக் காட்டுகிறார்.

ஜூன் 17

ஈரோட்டிலிருந்து ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. "எந்தக் கோணத்தில் முட்டினாலும்" என்று நான் எழுதியது பிழை. முட்டும் நேரத்தில் வெள்ளைக்குப் பின்னால் பந்தின் கால் பங்கு மறைவதிலிருந்து முக்கால் பங்கு மறையும் வரை உள்ள முட்டல்களுக்குத்தான் 30 டிகிரி பொருந்தும். பாதி மறைந்தால் 34 வரை போகும், இரண்டு ஓரத்திலும் 27 போல வரும். மிக மெல்லிசாக உரசினாலும், கிட்டத்தட்ட நேராக முட்டினாலும் இந்தக் கணக்கு வேறு. வெள்ளை உருளாமல் சறுக்கிக்கொண்டு முட்டினால், பந்து போகும் திசைக்குச் செங்குத்தாக 90 டிகிரியில் விலகும். அந்தப் பேராசிரியரும் இப்படித்தான் சொல்கிறார், நான்தான் அவசரத்தில் விட்டுவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

இந்த இழையிலேயே பெரிய விஷயம் இதுதான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை தம்பி என்னிடம், "ஏனுங்ணா, அடிக்கறப்ப உங்க முழங்கை வெளியால போகுது, பார்த்தீங்ளா?" என்றான். இல்லை என்று சாதித்தேன். அவன் பேசாமல் என் போனை வாங்கி, எனக்கு நேர் பின்னால் ஸ்டூல் மேல் சாய்த்து வைத்து ஸ்லோமோஷனில் எடுத்தான்.

பார்த்ததும் வாயடைத்துப் போனேன். பின்னால் இழுக்கும்போது க்யூ நேராக வருகிறது. முன்னே தள்ளும்போது, முட்டுவதற்குச் சற்று முன் பிடி இறுகுகிறது. பிடி இறுகியதும் மணிக்கட்டு திரும்பி, முழங்கை உடம்பை விட்டு ஒரு விரல் அளவு வெளியே போகிறது. க்யூவின் முனை வெள்ளையின் நடுவுக்கு இடப்பக்கம் படுகிறது. அடித்த கையோடு தலையும் எழும்புகிறது. ஒன்றரை வருடமாக ஒவ்வொரு ஷாட்டிலும் இதைச் செய்திருக்கிறேன். அறுபது வீடியோவில் பந்து போகும் வழியை மட்டும் பார்த்தேனே தவிர, ஆடுகிறவரின் முழங்கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அப்போது ஐ.டி.ஐ. நினைவுக்கு வந்தது. ஃபிட்டர் டிரேடில் முதல் சில மாதம் அரம் போடுவதுதான் வேலை. இரும்புத் துண்டை வைஸில் கட்டித் தட்டையாக ராவ வேண்டும். தட்டையாக ராவியதாக நினைத்து மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் தொப்பை இருக்கும். அரம் முன்னே போகும்போது கை ஏறி இறங்குவது நமக்குத் தெரியாது, துண்டுதான் காட்டிக்கொடுக்கும். எங்கள் வாத்தியார் துண்டைப் பார்க்கவே மாட்டார். பின்னால் நின்று முழங்கையைப் பார்ப்பார். "கையைப் பாரு, இரும்பு தானா சரியாகும்" என்பார். நாலு வாரத்தில் தொப்பை போனது.

க்யூவும் அரம்தான். அன்றிலிருந்து வீடியோ போட்டால் பந்தைப் பார்ப்பதில்லை. முழங்கையையும் பிடியையும் மட்டும் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்துச் சலித்த அதே வீடியோக்கள் இப்போது வேறு பாடமாக இருக்கின்றன. நல்ல ஆட்டக்காரர்கள் பின்னங்கையில் க்யூவைப் பிடிப்பதே இல்லை, விரல்களில் தாங்கி வைத்திருக்கிறார்கள். இழுத்த இடத்தில் ஒரு கணம் நிறுத்துகிறார்கள். இதை யாரும் சொல்லாமல் விடவில்லை, எல்லாருமே சொல்கிறார்கள். நான்தான் ஓட்டிவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போயிருக்கிறேன்.

ஜூன் 9 அன்று எழுதியதைத் திருத்துகிறேன்: நம்மை நாமே படம் பிடித்துப் பார்த்தால், மற்றவர்கள் வீடியோவும் பயன்படும்.

ஜூலை 7, ஞாயிறு

அடித்தபின் க்யூவை முன்னே ஓடவிட வேண்டும் என்பதில் அர்த்தம் உண்டா என்று பல்லடத்துக்காரர் ஒருவர் கேட்கிறார். முனை வெள்ளையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். போன் ஸ்லோமோஷன் செகண்டுக்கு 240 படம் எடுத்தாலும் படத்துக்குப் படம் நாலு மில்லிசெகண்ட் இடைவெளி, அந்தத் தொடுகையே பெரும்பாலும் படத்தில் விழாது. தொட்டுப் பிரிந்தபின் நாம் என்ன செய்தாலும் பந்துக்குத் தெரியப்போவதில்லை. இவ்வளவும் அவர் வாதம், மறுக்க முடியாது.

ஆனாலும் ஓடவிடத்தான் வேண்டும் என்பேன். கை நிற்கப் போகிறது என்று தெரிந்தால் அது தொடுவதற்கு முன்பே இறுகத் தொடங்குகிறது, என் ஸ்லோமோஷனில் பார்த்தது அதுதான். முன்னே ஒரு சாண் ஓடவிடுவேன் என்று தீர்மானித்து அடித்தால் பிடி இறுகுவதில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஊரையே தூக்குகிறது. பார்லர் ஜன்னல் சரியாக மூடாது, டேபிளில் மெல்லிய மண். இரண்டு வாரமாகக் கட் ஷாட்டெல்லாம் தடியாகப் போய்க்கொண்டிருந்தது, கைதான் மறுபடி கெட்டுவிட்டது என்று கவலைப்பட்டேன்.

அழுக்குப் பந்துகள் முட்டும்போது உரசல் அதிகம். வெள்ளை அந்தப் பந்தைத் தான் போகும் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். அதனால் நினைத்ததைவிடத் தடியாக விழும். பார்லர் அண்ணனிடம் கேட்டு, நானும் தம்பியும் பதினாறு பந்தையும் வாளியில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் விட்டுக் கழுவித் துடைத்தோம். துணியைப் பிரஷால் ஒரே திசையில் இழுத்துவிட்டோம்.

உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று பார்த்தால் அன்றைக்கு எல்லாக் கட்டும் மெல்லிசாகப் போனது. இரண்டு வாரத்தில் கை தானாகவே அழுக்குக்கு ஏற்றபடி மாறியிருக்கிறது. திரும்பிவர மூன்று நாள் ஆனது. உங்கள் ஊர்ப் பார்லரில் திடீரென்று குறி தப்பினால் முதலில் பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

பட்டறை லீவு. பவானியில் அம்மிச்சி வீட்டுக்கு வந்திருக்கிறேன், கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. டேபிள் பக்கம் போய் எட்டு நாள் ஆயிற்று.

மாமா பையன் ஒரு கேள்வி கேட்டான், இங்கே வைக்கலாம் என்று தோன்றியது. ஸ்னூக்கர் இங்கிலாந்து ஆட்டமா என்று. பிறந்தது 1875இல் ஜபல்பூரில், அங்கிருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளிடம். பெயர் வைத்தவர் நெவில் சேம்பர்லின். பின்னாளில் அதே பெயரில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறு ஆள். விதிகளை எழுதிச் சுவரில் மாட்டியது 1882இல், ஊட்டி கிளப்பில். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினால் போய்ச் சேருகிற ஊர்! ஒவ்வொரு தடவை ஊட்டி போகும்போதும் தாவரவியல் பூங்காவையும் படகுத் துறையையும் பார்த்துத் திரும்புகிறோம், இந்த ஆட்டத்துக்கு விதி எழுதிய ஊர் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அது பெருமையாக இருக்கிறது.

ஸ்னூக்கர் டேபிள் பன்னிரண்டடி, பந்து 52.5 மில்லிமீட்டர், பாக்கெட்டும் குறுகல். பூலில் கை நேராக வேண்டும் என்றால் வாரம் அரை மணி ஸ்னூக்கர் டேபிளில் ஆடச் சொல்லி ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். செய்து பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

செய்து பார்த்தேன். ஸ்னூக்கர் டேபிளில் பிரௌன் புள்ளியில் வெள்ளையை வைத்து, நீலம், பிங்க், கறுப்புப் புள்ளிகளின் மேலாக நேரே அடித்து, எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பி க்யூ முனைக்கே வர வேண்டும். பத்துக்கு ஒன்றுதான் வந்தது. மற்றதெல்லாம் வலப்பக்கம் திரும்பியது. முழங்கை சரியாகி ஆறு வாரம் ஆகியும் இப்படி.

குற்றம் கண்ணில் இருந்தது. க்யூவை முகவாய்க்கு நடுவில் வைக்கும்படி ஒரு வீடியோவில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் நேர்கோடு நேர்கோடாகத் தெரிகிற இடம் ஆளுக்கு ஆள் வேறு. நீள வாக்கில் நேரான ஷாட் ஒன்றை வைத்து, க்யூவைக் கோட்டின் மேல் கிடத்தி, குனிந்து தலையை மெல்ல இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தேன். வலது கண்ணுக்குக் கீழே க்யூ வந்ததும் கோடு சட்டென்று நேராயிற்று. அதுவரை அது எனக்குச் சற்றுச் சாய்ந்தே தெரிந்திருக்கிறது, சாய்வதாகத் தெரியாமலேயே.

வீடியோவில் சொல்கிறவர் தன் முகத்துக்குச் சரியானதைச் சொல்கிறார். அவர் மேல் தப்பில்லை. சிலர் நடு முகவாய், சிலர் இடக் கண், சிலர் வலக் கண். இதை ஒவ்வொருவரும் டேபிளில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

எந்த வீடியோ பார்ப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எதைப் பார்க்கக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. ஐந்து நிமிடத்தில் ஐம்பது பந்து விழுகிற தொகுப்புகள் வேண்டாம். விழாததை வெட்டிவிட்டார்கள், கற்க ஒன்றுமில்லை. கை முழுதாகத் தெரிகிற மாதிரி, பக்கவாட்டிலும் பின்னாலும் கேமரா வைத்து, ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப அடிப்பதைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு ஒன்று போதும்.

இந்த மாதம் எனக்கு ஸ்டாப் ஷாட். பந்து விழ வேண்டும், வெள்ளை முட்டிய இடத்திலேயே நிற்க வேண்டும். கிட்டத்தில் நின்றால் நடுவில் அடித்தாலே நின்றுவிடும். தூரம் கூடக்கூட நடுவுக்குக் கீழே கீழே இறங்க வேண்டும். கீழே அடித்ததால் வருகிற பின் சுழலைத் துணி வழியெல்லாம் தின்றுகொண்டே போகிறது. முட்டுகிற நேரத்தில் சரியாகத் தீர்ந்திருந்தால் வெள்ளை நிற்கும். எங்கள் டேபிள் துணி பழசு, வீடியோவில் காட்டுவதைவிடக் கீழே அடித்தால்தான் முன்கூட்டியே தீராமல் இருக்கிறது. முதலில் எழுதிய துணிப் புகார் இந்த ஒரு விஷயத்தில் நிற்கிறது.

பட்டறை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வருகிறேன். நேர் ஷாட் இருபதுக்கு: ஜூனில் 11, ஜூலையில் 12, ஆகஸ்ட் கடைசியில் 15, நேற்று 16. ஜூலையில் நிறையப் பேர் மனம் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். முழங்கையை மாற்றிய மாதம் அது, ஆட்டம் முன்பைவிட மோசமாகத்தான் தெரிந்தது.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி முடிந்து ஊரே அமைதி. பார்லரில் நானும் தம்பியும் அண்ணனும் மட்டும். ஒன்பது ஆட்டம் ஆடினோம். தம்பி ஐந்து, நான் நான்கு. கடைசி ஆட்டத்தில் எனக்கு எட்டாம் பந்து மட்டும் பாக்கி, டேபிளின் பாதி தூரம், லேசான கட். கை நேராகப் போனது, தலை எழும்பவில்லை, போன் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததால் இதை உறுதியாகச் சொல்கிறேன். வெள்ளை குஷனில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மெதுவாக விட்டேன். பந்து பாக்கெட் வாய் வரை நேராக வந்து, கடைசி ஒரு அடியில் அரைப் பந்து அளவு வடக்கே ஒதுங்கி ஓரத்தில் நின்றது. அடுத்து வந்த தம்பி முடித்துவிட்டான்.

வீடியோவை நான்கு தடவை போட்டுப் பார்த்தோம். கையில் குறை ஒன்றும் தெரியவில்லை. பிறகு தம்பி அதே இடத்திலிருந்து பந்தைக் கையால் மெல்ல உருட்டினான். ஒதுங்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து உருட்டினான். அப்போதும் வடக்கே. ஆறு தடவையும் அப்படியே.

"வடக்கால கொஞ்சம் சரிவு இருக்குது கண்ணு, மழைக்கு அந்தப் பக்கத் தரை இறங்கிருச்சு" என்றார் அண்ணன்.

வரும் வெள்ளிக்கிழமை பட்டறையிலிருந்து மிஷின் லெவல் எடுத்துப் போகிறேன். ஒரு மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வைக்கூடக் காட்டும், லேத் பெட் மட்டம் பார்ப்பது அதில்தான். டேபிளுக்கு அவ்வளவு துல்லியம் வேண்டியதில்லை, இருந்தாலும் கையில் இருப்பது அதுதான். டேபிள் துணிக்கு அடியில் இருக்கிற கல் மூன்று துண்டாக இருப்பதால் ஒவ்வொரு துண்டிலும் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். வடக்குக் கால் இரண்டுக்கும் அடியில் வைக்க, தகடு நான்கைந்து கனத்தில் வெட்டி வைத்திருக்கிறேன். டேபிள் காலுக்குத் தகடு வைத்து அனுபவம் உள்ளவர்கள் வியாழனுக்குள் எழுதினால் உதவியாக இருக்கும். முக்கியமாக, நடுக் கல்லை முதலில் பார்ப்பதா, ஓரத்திலிருந்து தொடங்குவதா?